டெல்டாவில் கேரவன் இழுப்பவர்களுக்கு: எடை எங்கே இறங்குகிறது?

டெல்டாக்காரர்களுக்கு வண்டி இழுப்பது புதிதல்ல. நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் டிரெய்லரைப் பின்னோக்கித் தள்ளி, கொள்முதல் நிலைய வாசலில் அங்குலம் பிசகாமல் நிறுத்துகிறவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். காருக்குப் பின்னால் கேரவன் மாட்டும்போது வருகிற அலட்சியத்துக்கும் அதுவே காரணம். (ஷூட்டிங் நடக்கும் இடத்தில் நிற்கிற பெரிய பஸ்ஸைச் சொல்லவில்லை. படுக்கை, அடுப்பு, சிங்க் எல்லாம் வைத்து, காரின் பின்னால் மாட்டி இழுக்கிற இரண்டு சக்கர வண்டி.) டிராக்டர் மணிக்கு 25, 30 கிலோமீட்டரில் போகிறது. கொக்கியில் செருகிய இரும்பு முளை கொஞ்சம் ஆடினாலும் அந்த வேகத்தில் ஒன்றும் ஆகாது. பாரம் முன்னே இருந்தாலும் பின்னே இருந்தாலும் டிராக்டர் இழுத்துவிடும். கார் 60, 70இல் போகிறது, இழுக்கிற காரும் இழுபடுகிற கேரவனும் கிட்டத்தட்ட ஒரே எடை. அங்கே செல்லுபடியான பழக்கம் இங்கே ஆளைக் கவிழ்த்துவிடும்.

கேரவன் விஷயத்தில் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதன் எடை எங்கே இறங்குகிறது? சாலையில் போகும்போது கொக்கியில் எவ்வளவு, அச்சில் எவ்வளவு. நிறுத்திய பிறகு நம்மூர்க் களிமண்ணில் எந்த இடத்தில் எவ்வளவு. கீழே வருவதெல்லாம் இதன் விவரம்தான்.

முதலில் கார். ஆர்.சி.யில் காரின் வெற்று எடை இருக்கும். புதிதாக இழுப்பவர்கள் அதில் 85 சதவீதத்தைத் தாண்டாத கேரவனை எடுப்பது நல்லது. 1,800 கிலோ காருக்கு, சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு 1,530 கிலோ. காரின் கையேட்டில் இழுவைத் திறன் இதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் அதுதான் வரம்பு. இழுக்கவே கூடாது என்றிருந்தால் அத்தோடு விட்டுவிடுங்கள். பொலேரோ, ஸ்கார்பியோ, இன்னோவா கிரிஸ்டா மாதிரி தனிச் சேஸிஸ் உள்ள வண்டிகளில் ஹிட்ச்சை (கேரவனின் கொக்கி வந்து உட்காருகிற உருண்டையைத் தாங்கும் இரும்பை) உறுதியாகப் பொருத்த இடம் கிடைக்கும். பம்பரைக் காப்பாற்ற மாட்டும் அலங்காரக் குழாயில் ஒரு உருண்டையை வெல்டு வைத்துக் கொடுப்பார்கள். அதை நம்பி ஒரு சைக்கிளைக்கூட இழுக்காதீர்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான். அதற்குத் தனிப் பதிவு, தனி எண், காப்பீடு எல்லாம் வேண்டும். பட்டறையில் செய்து வாங்குவதாக இருந்தால், பதிவு கிடைக்குமா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

பிரேக் விஷயத்திலும் ஒரு வார்த்தை. ஐரோப்பாவில் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். நாமும் அதையே வைத்துக்கொள்ளலாம். கார் வேகம் குறையும்போது கேரவன் முன்னே நெட்டும். அந்த நெட்டுதலே கொக்கித் தண்டை உள்ளே தள்ளிச் சக்கர பிரேக்கைப் பிடிக்க வைக்கும். எளிமையான ஏற்பாடுதான், ஆனால் தண்டில் கிரீஸ் வறண்டால் பிரேக் தாமதமாகப் பிடிக்கும், காரை முதுகில் குத்துகிற மாதிரி ஒரு உதை வரும்.

எடை போட நமக்குள்ள வசதி வேறு ஊர்க்காரர்களுக்குக் கிடையாது. பெரிய ரைஸ் மில் இருக்கிற இடத்தில் பெரும்பாலும் எடை மேடை இருக்கும். தண்ணீர், சிலிண்டர், பாத்திரம், படுக்கை எல்லாம் ஏற்றிய பிறகு, கேரவனைக் கழற்றி மேடையில் தனியாக நிறுத்தி மொத்த எடையைப் பாருங்கள். விற்றவர் சொன்ன எடை காலி வண்டியின் எடை. வீட்டுச் சாமான் ஏற்றியதும் இருநூறு கிலோ சாதாரணமாகக் கூடிவிடும்.

ஆனால் முக்கியமான எடையை அந்த மேடை காட்டாது. கொக்கி காரின் உருண்டை மேல் எவ்வளவு அழுத்துகிறது என்பதுதான் அது. மூக்கு எடை என்று வைத்துக்கொள்வோம். மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் இருக்க வேண்டும். 1,000 கிலோ கேரவனுக்கு 50 முதல் 70 கிலோ. லாரி மேடை ஐந்து கிலோ, பத்து கிலோ கணக்கில்தான் தாவும்; அது இதற்கு உதவாது. வீட்டில் ஆள் எடை பார்க்கிற மெஷின் போதும். சிமென்ட் தரையில் கேரவனைச் சமமாக நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். காரில் உருண்டை இருக்கிற உயரத்துக்குச் சரியாக ஒரு மரக்கட்டையை அறுத்து, மெஷின் மேல் நிறுத்தி (கட்டையும் மெஷினும் சேர்ந்து அந்த உயரம்), அதன் மேல் கொக்கியை இறக்கி, கேரவனின் மூக்கைத் தாங்குகிற சின்ன முன் சக்கரத்தை (கைப்பிடியைச் சுற்றினால் ஏறி இறங்கும்) முழுக்கத் தூக்கிவிட்டுப் பாருங்கள். மண் தரையில் செய்தால் மெஷின் சாயும், கணக்கு தப்பும்.

மூக்கு எடை குறைந்தால் கேரவனின் வால் கனத்து, வேகத்தில் பாம்பு மாதிரி நெளிய ஆரம்பிக்கும். மிகவும் கூடினால் காரின் பின்பகுதி அமுங்கி, காரின் முன் சக்கரம் லேசாகி, ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. அரிசி மூட்டை, பேட்டரி, தண்ணீர் கேன் போன்ற கனமானவற்றை அச்சுக்கு நேர் மேலே, தரையோடு தரையாக வைத்துக் கட்டுங்கள். மேல் அலமாரியில் துணிமணி, பிளாஸ்டிக் தட்டு மட்டும். பின்பக்கம் சைக்கிள் மாட்டும் ஸ்டாண்டு வேண்டவே வேண்டாம். அச்சிலிருந்து அத்தனை தூரத்தில் தொங்குகிற முப்பது கிலோ செய்கிற கெடுதலை, முன்னே அதே முப்பது கிலோவை வைத்துச் சரிக்கட்ட முடியாது. மொத்தக் கணக்கு நேராகும், இரு நுனியிலும் எடை இருப்பதால் ஆட்டம் ஆரம்பித்தால் நிற்காது. நிரம்பிய 14.2 கிலோ வீட்டு சிலிண்டர், இரும்போடு சேர்த்து முப்பது கிலோ வரும். அது முன்பெட்டியில் இருந்தால் மூக்கு எடையில் பாதி அங்கேயே போய்விட்டது. 5 கிலோ சிலிண்டர் ஒரு குடும்பத்துக்குச் சில நாளைக்குத் தாராளம். தண்ணீர்த் தொட்டியைக் காலியாக வைத்துப் புறப்படுங்கள், சேர்கிற ஊரில் நிரப்பிக்கொள்ளலாம்.

மாட்டும் வரிசை எப்போதும் ஒன்றாகவே இருக்கட்டும், யார் கூப்பிட்டாலும் நடுவில் நிறுத்தாதீர்கள். கேரவனின் ஹேண்ட்பிரேக் போட்டிருக்கிறதா, நிறுத்தும்போது இறக்குகிற மூலைக் கால்கள் நான்கும் மேலே ஏறியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, காரைப் பின்னே கொண்டுவந்து உருண்டையைக் கொக்கிக்கு அடியில் நிறுத்துங்கள். முன் சக்கரத்தின் கைப்பிடியைச் சுற்றிக் கொக்கியை இறக்கினால் 'டக்' என்று பூட்டும். சத்தத்தை நம்பாதீர்கள். அதே கைப்பிடியை எதிர்ப்பக்கம் சுற்றிக் கொக்கியைத் தூக்கிப் பாருங்கள்; காரின் பின்பகுதியும் சேர்ந்து எழுந்தால்தான் பூட்டியிருக்கிறது என்று அர்த்தம். கொக்கி மட்டும் தனியாக எழுந்தால், முதல் வேகத்தடையிலேயே கழன்றிருக்கும். பிறகு முன் சக்கரத்தை முழுக்க ஏற்றி இறுக்கி, பாதுகாப்புச் சங்கிலியை மாட்டி, கரண்ட் பிளக்கைச் செருகி, ஹேண்ட்பிரேக்கை எடுத்து, கடைசியாகச் சக்கரக் கட்டைகளை எடுக்க வேண்டும். இரண்டு சங்கிலி இருந்தால் கொக்கிக்கு அடியில் குறுக்கே மாட்டுங்கள். கழன்றாலும் மூக்கு தார்ச்சாலையில் குத்தாமல் அந்தப் பின்னலில் உட்காரும்.

உருண்டையின் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். 50 மி.மீ. உருண்டையும் இரண்டு அங்குல உருண்டையும் பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் இரண்டு அங்குலம் என்பது 50.8 மி.மீ. பெரிய கொக்கியைச் சின்ன உருண்டையில் மாட்டினால் உள்ளே ஆட்டம் இருக்கும், ஒரு நாள் கழலும். உருண்டை தேய்ந்து 49 மி.மீ.க்குக் கீழே போய்விட்டால் மாற்றுங்கள். சாதாரணக் கொக்கிக்கு கிரீஸ் வேண்டும். உராய்வால் ஆட்டத்தை அடக்குகிற வகைக் கொக்கியாக இருந்தால் உருண்டையில் ஒரு சொட்டு கிரீஸ்கூட இருக்கக் கூடாது. பட்டறையில் பாசத்தோடு பூசிவிடுவார்கள், கவனம்.

ஏழு பின் பிளக்கில் மஞ்சள் இடது இண்டிகேட்டர், பச்சை வலது, சிவப்பு பிரேக் விளக்கு, கறுப்பும் பழுப்பும் இடது வலது பின்விளக்குகள், வெள்ளை எர்த். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறதா? பல்பை மாற்றிக் காசைச் செலவழிக்க வேண்டாம், வெள்ளை வயரின் முனையைச் சுரண்டித் துருவை எடுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றில் இது அடிக்கடி வரும்.

சாலைக்கு வருவோம். டெல்டா தட்டை நிலம். மலை ஏற்றம் என்ற பயம் இல்லை. பதிலாக வாய்க்கால் பாலங்கள் இருக்கின்றன. பழைய பாலங்கள் பலவும் குறுகலாக, நடுவில் முதுகு தூக்கியிருக்கும். கார் மேட்டைத் தாண்டி இறங்கும்போது கொக்கிப் பகுதி தரையில் உரசும். முன் சக்கரத்தை முழுக்க ஏற்றாதவர்கள் அதை அங்கேதான் இழப்பார்கள். நடந்து போய்ப் பார்த்துவிட்டு, நடை வேகத்தில் ஏறுங்கள்.

ஆற்றங்கரைச் சாலை இன்னொரு வகை. கொள்ளிடக் கரையிலும் வெண்ணாற்றுக் கரையிலும் ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் சரிவு, நடுவில் ஒரு வண்டி போகிற அகலம். எதிரே மினி பஸ் வந்தால், சட்டம் என்ன சொன்னாலும் அவர் பின்னே போகப் போவதில்லை. காரும் கேரவனும் சேர்ந்து பத்து மீட்டருக்கு மேல் நீளம். திருப்ப இடம் கிடைக்காது. புது வழியாக இருந்தால் முதல் நாளே யாராவது ஒருவர் டூவீலரில் போய்ப் பார்த்து வருவதுதான் நல்லது. கூகுள் மேப் கரையை நல்ல சாலை என்றே காட்டும்.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சாலையில் உளுந்து, பயறுச் செடிகளைப் பரப்பியிருப்பார்கள், வண்டிகள் ஏறி மணி உதிரட்டும் என்று. அதற்கு முன் சம்பா அறுவடையில் நெல் காயும், ஓரத்தில் கல் அடுக்கியிருக்கும். கேரவனுக்கு அடியில் தொங்குகிற பிரேக் கேபிளிலும் வயரிலும் அந்தக் கொடி சுற்றிக்கொள்ளும். சூடான சைலன்சரில் சிக்கிய காய்ந்த செடி தீப்பிடிக்கும். ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் மெல்ல ஏறி, தாண்டியதும் ஓரம்கட்டி அடியில் குனிந்து பாருங்கள். நெல் மேல் திடீரென்று பிரேக் போட்டால் சக்கரம் வழுக்கும்.

இனி அந்த நெளிவு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பக்கக் காற்று அடிக்கும்போது ஒரு பஸ் உரசிக்கொண்டு முந்தினால், கேரவன் முதலில் வெளியே தள்ளப்பட்டு, பிறகு பஸ் பக்கம் இழுபடும். அந்த ஆட்டம் தொடர்ந்தால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருங்கள். அவ்வளவுதான். எதிர்ப்பக்கம் ஒடித்து அடக்கப் பார்ப்பதும், காரின் பிரேக்கை அழுத்தி மிதிப்பதும் ஆட்டத்தைக் கூட்டும். வேகத்தைக் கூட்டினால் நேராகிவிடும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். ஆட்டம் நின்றதும் வண்டியை ஓரம்கட்டி, உள்ளே என்ன பின்னே நகர்ந்திருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும். கும்பகோணம் மாதிரி ஊர்களில் இடதுபக்கம் திரும்பும்போது கேரவனின் சக்கரம் காரின் தடத்தைவிட உள்ளே வெட்டும். அந்த இடைவெளியில் ஒரு பைக் கட்டாயம் நுழையும். அகலமாக எடுங்கள், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே எடுங்கள்.

பின்னே தள்ளும்போது ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். கேரவனின் வால் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். நாலு சக்கர டிராக்டர் டிரெய்லரில் பழகிய கை இங்கே ஏமாறும்; அதில் இரண்டு இடத்தில் மடிப்பு, இதில் ஒன்றுதான், அதுவும் சீக்கிரம் மடிந்துவிடும். கண்ணாடியில் ஒரு பக்கம் கேரவன் பெரிதாகத் தெரிய ஆரம்பித்தால் உடனே நிறுத்தி, முன்னே இழுத்து நேராக்கி, மறுபடி ஆரம்பியுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. வழி சொல்ல ஒரே ஒருவர் போதும். வேடிக்கை பார்க்க வந்த நாலு பேரும் "ஒடி, ஒடி" என்று கத்தினால், யாருடைய வலது எது என்று தெரியாமல் போகும்.

எங்கே நிறுத்துவது என்பதில்தான் டெல்டா வெளியூர்க்காரர்களைச் சோதிக்கும். வயலுக்கு நடுவே மேடாக இருக்கிற திடல் நல்லது, சிமென்ட் போட்ட நெல் களம் அதைவிட நல்லது. அறுவடைக் காலத்தில் அதைக் கேட்காதீர்கள். ஆற்றுப் படுகை அழகாக இருக்கும், நிழல் இருக்கும், ஆனால் வழக்கமாக ஜூன் 12இல் மேட்டூர் திறந்த பிறகு அங்கே தங்க வேண்டாம். மேல்நீர் கூடினால் உபரி முழுவதும் கொள்ளிடத்தில்தான் வரும். 2018 ஆகஸ்டில் அப்படி வந்த வெள்ளத்தில்தான் முக்கொம்பில் மதகுகள் உடைந்தன. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடற்கரைப் பக்கம் கேரவனை விட்டு வைக்காதீர்கள். அதே ஆண்டு நவம்பர் 16இல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த கஜாவில் விழுந்த தென்னைகளை எல்லோரும் பார்த்தோம். புயல் இல்லாத நாளிலும் தென்னைக்கு அடியில் நிறுத்தக் கூடாது. ஒரு தேங்காய், ஒரு காய்ந்த மட்டை போதும், கூரைக் கண்ணாடி போய்விடும்.

மண்ணைச் சோதிக்க ஒரு கம்பி போதும். முழங்கை நீளக் கம்பியை உடம்பு எடை கொடுத்து அழுத்தினால் நாலு விரலுக்கு மேல் இறங்குகிறதா? கேரவனை உள்ளே விடாதீர்கள். சித்திரை வெயிலில் வெடித்துக் கிடக்கிற களிமண் கல் மாதிரி தாங்கும். ஒரு மழை பெய்தால் அதே இடம் டயரை விழுங்கும். அதனால் உள்ளே போகும்போதே, மழை பெய்தால் எப்படி வெளியே வருவது என்று யோசித்து, முகப்பு சாலையைப் பார்க்கும்படி நிறுத்துங்கள்.

சமப்படுத்தும்போது முதலில் இடம் வலம், பிறகு முன் பின். கொத்தனார் வைத்திருக்கிற ரசமட்டத்தைக் கேரவனுக்குள் தரையில் குறுக்கே வையுங்கள். தாழ்ந்த பக்கச் சக்கரத்துக்கு முன்னால் பலகையைப் போட்டு, காரோடு சேர்த்து மெல்ல ஏற்றுங்கள். இரண்டு மீட்டர் சக்கர அகலத்துக்கு ஓர் அங்குலப் பலகை ஏறக்குறைய முக்கால் டிகிரியைச் சரிசெய்யும். பிறகு ஹேண்ட்பிரேக், சக்கரத்தின் இரு பக்கமும் கட்டை, அப்புறம்தான் காரைக் கழற்றுவது. கட்டை வைக்காமல் கழற்றிய கேரவன், களத்தின் லேசான வாட்டத்திலும் தானாகவே உருளும். முன் பின் மட்டத்தை முன் சக்கரத்தின் கைப்பிடியால் பிடியுங்கள். கேஸில் ஓடுகிற வகை ஃபிரிட்ஜ் இருந்தால் மூன்று டிகிரிக்கு மேல் சாய்ந்தால் குளிராது. உள்ளே அம்மோனியா தானாக வழிந்து ஓடினால்தான் அது வேலை செய்யும்.

கடைசியாக நான்கு மூலைக் கால்கள். இவை ஆட்டத்தை நிறுத்தத்தான், வண்டியைத் தூக்க அல்ல. ஜாக்கி மாதிரி நினைத்துச் சுற்றினால் சேஸிஸ் முறுக்கிக்கொண்டு கதவு மூடாது. கால் தரையைத் தொட்டு, கை கொஞ்சம் கனத்தவுடன் நிறுத்துங்கள். ஒவ்வொரு காலுக்கும் ஓர் அடிக்கு ஓர் அடி பலகை, முன் சக்கரத்துக்கும் ஒன்று. உள்ளங்கை அளவுத் தகட்டில் எடை இறங்கினால் ஈரமான வண்டல் இரவோடு இரவாக உள்வாங்கிவிடும். காலையில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்.

கரண்டுக்கு மோட்டார் கொட்டகையில் கை வைக்காதீர்கள். அங்கே வருவது மும்முனை மின்சாரம், விவசாயத்துக்கு என்று கொடுத்த இலவச இணைப்பு. ஆபத்து ஒரு பக்கம், குற்றம் ஒரு பக்கம். வீட்டு இணைப்பில் எர்த் உள்ள 15 ஆம்ப் பிளக்கிலிருந்து, 2.5 சதுர மி.மீ. மூன்று கோர் கேபிளில் எடுங்கள். கேரவனுக்குள் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே அணைந்துவிடும் சுவிட்ச்) இருக்க வேண்டும். கேபிள் சுருளை முழுக்கப் பிரித்துவிடுங்கள். சுருட்டி வைத்த கேபிளில் ஏசி ஓடினால் நடுவில் சூடேறி உருகும். ஒரு டன் ஏசி ஐந்து ஆம்ப், இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்பது ஆம்ப்; இரண்டும் சேர்ந்தால் பிளக் திணறும்.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரைக்குத்தான் வரும். அது வெளியேறத்தான் கேரவனின் தரையில் ஓட்டைகள் விட்டிருக்கிறார்கள். கொசு வருகிறது, பாச்சை வருகிறது என்று துணியை வைத்து அடைக்காதீர்கள். துருப்பிடிக்காத கம்பி வலை அடியுங்கள். ஓடும்போது சிலிண்டர் நேராக நின்று, வால்வு மூடியிருக்க வேண்டும். கழுவிய தண்ணீரை ஒரு பக்கெட்டில் பிடித்துத் தென்னைக்கு ஊற்றலாம். கழிவறைப் பெட்டியை எக்காரணம் கொண்டும் வாய்க்காலில் கவிழ்க்கக் கூடாது. அந்தத் தண்ணீர் அடுத்த ஊருக்குப் போகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் புதைந்தால், காரை வைத்து உறுமாதீர்கள், இன்னும் ஆழமாகப் போகும். காரைக் கழற்றி முதலில் அதை வெளியே எடுங்கள். டிராக்டருக்கு ஆள் அனுப்பினால் உடனே வரும், ஆனால் அதன் கொக்கி இரும்பு முளை செருகுகிற வகை. உங்கள் கொக்கியோடு சேராது. அகலமான பெல்ட்டைச் சேஸிஸின் முன்பக்க முக்கோணத்தின் இரு கைகளிலும் சுற்றி, இரு பக்கமும் சமமாக இழுபடும்படி மாட்டச் சொல்லுங்கள். மூலைக் காலிலோ பின் பம்பரிலோ கயிறு கட்ட விடாதீர்கள், கையோடு வந்துவிடும். ஹேண்ட்பிரேக்கை எடுத்து, சக்கரத்துக்கு முன்னே சேற்றை வெட்டி வைக்கோல் போட்ட பிறகு, முதல் கியரில் மெல்ல. முன்னே ஒருவர் முன் சக்கரத்தைப் பார்த்துக்கொள்ளட்டும், பெல்ட்டின் நேர்க்கோட்டில் மட்டும் யாரும் நிற்க வேண்டாம்.

வெளியே வந்ததும் சக்கரத்தின் உள்பக்கத்தில் ஒட்டிய களிமண்ணைக் கழுவுங்கள். காய்ந்தால் ஒரு பக்கம் கனத்துச் சக்கரம் அதிரும், பிரேக் டிரம்மும் சூடேறும். சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால் ஐம்பது கிலோமீட்டரில் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். டயர் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பட்டன் தேயாவிட்டாலும் ஆறேழு வருடம் ஆனால் மாற்றிவிடுங்கள். கேரவன் டயர் ஓடித் தேய்வதைவிட வெயிலில் நின்று வெடிப்பதுதான் அதிகம். டீ குடிக்க நிறுத்தும் இடத்தில் இரண்டு சக்கரத்தின் நடுவையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று வெதுவெதுப்பாகவும் மற்றது கை வைக்க முடியாமலும் இருந்தால் பேரிங் போகிறது, அல்லது அந்தப் பக்க பிரேக் விடவில்லை. அங்கேயே நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அடுத்த ஊர் வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைத்தால் சக்கரம் தனியாக உங்களை முந்திக்கொண்டு போகும்.